படுத்துப் பார்த்த பிளான்

மாத்தளை டவுனில் வீட்டு பிளான் கீறுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் புருசன் பெண்சாதி சண்டையையும் சேர்த்துத் தீர்த்து வைத்துவிட்டு பிளான் கீறிக் கொடுக்கிறவள் றுஸ்னா ஒருத்திதான். கணவன் ஷிஹாமின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஒஃபிஸ். கீழே பைப்பும் பெயின்ட் வாளியும் கதவுப் பிணைச்சலும். மேலே ஒரு கம்பியூட்டர், ஒரு நீளமான மேசை, எப்போதும் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள். வருகிற ஆண்களுக்கு ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற அளவுக்கு ஹோல் வேண்டும். கூட வருகிற பெண்களுக்கு அதே இடத்தில் சமைக்கக் குசினி வேண்டும். றுஸ்னா இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரைத் தனக்குப் பிடித்த இடத்தில் வைப்பாள். யாராவது முணுமுணுத்தால், "இந்தச் சுவர எடுத்தா மேல்மாடி கீழ வந்துரும்" என்பாள். அதில் பாதி பொய். ஆனால் அந்தப் பொய்யை மறுத்துப் பேச மாத்தளையில் ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

ஷிஹாம் அவளுக்கு நேர் எதிர். பேச்சு குறைவு, கூச்சம் அதிகம். பெண்கள் பாத்ரூம் சாமான் வாங்க வந்தால் விலையைக் கூரையைப் பார்த்துத்தான் சொல்வான். மற்ற ஆண்கள் சட்டைப்பையில் பேனை செருகியிருப்பார்கள். அவன் ஸ்க்ரூட்ரைவர் செருகியிருப்பான்.

ஒருநாள் ஜிப்ரி ஹாஜியார் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். மிளகு, கராம்பு வியாபாரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். யட்டவத்த போகும் வழியில் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் அபிவிருத்திக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அங்கே பழைய பிரசவ வாட்டில் மழை பெய்தால் தாய்மாருக்குக் குடை பிடிக்க வேண்டிய நிலை. புதிதாக ஒன்று கட்ட ஊரே கூடி முடிவெடுத்திருந்தது.

"மகள், புள்ள பெறுற வாட்டு ஒண்டு கீறித் தரணும். வீடு கீறுற மாதிரி இல்ல, தெரியுந்தானே?"

"ஹாஜியார், நான் ஒரு புள்ள பெத்தவள். எனக்குத் தெரியாததா?"

பிறகு நடந்த அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு வசனம்தான். பிள்ளை பெற்றது உண்மை. மூத்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஆனால் பெற்ற நோவோடு சேர்த்து, பெற்ற இடமும் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அது மறந்துபோனது என்பதும் அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியின் பொறுப்பு வைத்தியர் டொக்டர் வாகினி, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். இளவயது, நடக்கிற வேகத்தில் மற்றவர்கள் ஓட வேண்டும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"றுஸ்னா, நான் விறாந்தையாலை போகேக்கை, கதவைத் திறந்த உடனை கட்டிலிலை கிடக்கிற ஆளை முழுசாப் பாக்க வேணும். உள்ளை வந்து, திரும்பி, சுத்தி, அதெல்லாம் ஏலாது."

"அதுக்கென்ன டொக்டர்" என்று றுஸ்னா கதவுக்கு நேரே கட்டிலைப் போட்டாள். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நிலத்திலிருந்து கூரை வரைக்கும் வெள்ளை டைல்ஸ். வெளிச்சம் போதாமல் போகக்கூடாது என்று கூரையின் நட்டநடுவில் ஒரு பெரிய விளக்கு. வெளியார் எட்டிப் பார்க்கக்கூடாது என்று யன்னலைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தாள். சுவரில் கைப்பிடிக் கம்பி போடச் சொல்லி யாரோ எழுதியிருந்ததை, "இதென்ன, பஸ்ஸா ஓடுது உள்ளுக்கு? வடிவ கெடுக்கும்" என்று வெட்டிவிட்டாள். ஹாஜியார் தன் பங்குக்கு, தூரத்திலிருந்தும் மணி தெரிகிற மாதிரி ஒரு பென்னம்பெரிய கடிகாரம் அன்பளிப்புச் செய்தார். அது கட்டிலுக்கு நேரெதிரே மாட்டப்படும் என்று முடிவாயிற்று.

பிளானைப் பார்த்த எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. படத்தில் வாட்டு அழகாகத்தான் இருந்தது. படத்தில் யாரும் படுத்திருக்கவில்லை.

கட்டடம் எழும்பி முடிவதற்குள் றுஸ்னாவின் வயிற்றில் இரண்டாவது பிள்ளை வளர்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தபோது அவளுக்கு நிறைமாதம். பிரசவத்துக்கு மாத்தளை பெரியாஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. டொக்டர்மார் சொன்ன திகதிக்கு இன்னும் நாள் இருந்தது.

"நீ வராட்டி என்ன? நான் போய் ஃபோட்டோ எடுத்திட்டு வாறேன்" என்றான் ஷிஹாம்.

"நான் கீறின வாட்ட நான் இல்லாமத் தொறக்கிறதா? சும்மா இருங்க மச்சான்."

போனார்கள். ஆஸ்பத்திரி முற்றத்தில் மேளகாரர்கள் தயாராக நின்றார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வெற்றிலை ஏந்தி நின்றார்கள். விறாந்தையில் நீளமான மேசை, அதன்மேல் பாற்சோறும் பலகாரமும். புது வாட்டின் வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். வாசல் சுவரில் பளபளக்கும் கல்லில் பெயர்கள். குறைவாக இருந்தது ஒன்றுதான்: ரிப்பனை வெட்ட வேண்டிய பிரமுகர். அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காத்திருந்தவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று றுஸ்னா ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே உள்ளே கையை நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் வயிறு இறுகியது. பாற்சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். இன்னொரு தடவை இறுகியபோது கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வசனத்தை முடிக்காமலேயே நின்றாள். பாற்சோறு பரிமாறிக்கொண்டிருந்த மருத்துவிச்சி துஷாந்தினி அகப்பையை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, இது சோறு இல்லீங்க. புள்ள."

பக்கத்து அறையில் வைத்துப் பார்த்த டொக்டர் வாகினி வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். "மாத்தளைக்குக் கொண்டுபோக நேரமில்லை. போனால் வழியிலை ஏதாவதொரு வளைவிலைதான் பிறக்கும். புது வாட்டைத் திறவுங்கோ."

பழைய வாட்டைக் காலி செய்து, கட்டில், கருவி எல்லாவற்றையும் முதல்நாளே புதியதற்கு மாற்றியிருந்தார்கள். பிள்ளை பெற வேறு இடமே இல்லை. ஆனால் ரிப்பனுக்கு முன்னால் ஜிப்ரி ஹாஜியார் காவல் நின்றார்.

"டொக்டர், இன்னும் தொறக்கல்லயே! பெரியவர் வந்து வெட்டாம எப்படி உள்ள போற?"

"ஹாஜியார், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் அழைப்பிதழ் குடுக்கேல்லை. அது தானா வருது."

ஹாஜியார் ஒரு கணம் யோசித்தார். ரிப்பனை வெட்டவும் மனமில்லை, வழியை மறிக்கவும் மனமில்லை. கடைசியில் தன் ஊன்றுகோலால் ரிப்பனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அதற்கடியால் றுஸ்னா தன் வாட்டுக்குள் போனாள்.

கட்டிலில் மல்லாந்து படுத்த உடனேயே கண் கூசியது. கூரையின் நட்டநடு விளக்கு நேரே கண்ணுக்குள் இறங்கியது. இடப்பக்கம் திரும்பினாள்: வெள்ளை டைல்ஸில் இன்னொரு விளக்கு. வலப்பக்கமும் அதே. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் விளக்கு எரிந்தது.

வலி வந்தது. "யா அல்லாஹ்!" என்று கத்தினாள். நாலு பக்கத்து டைல்ஸும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன.

"அது யாரு என்னப் போலயே கத்துற?"

"நீங்கதான் அக்கா" என்றாள் துஷாந்தினி. "ரூம் திருப்பிச் சொல்லுது."

வலி விட்ட இடைவெளியில் எதிரே பார்த்தாள். ஹாஜியாரின் கடிகாரம். அதன் முள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போவதற்குள் அவளுக்கு அரை ஆயுள் போய்விட்டது போலிருந்தது. வலி மறுபடி ஏறியபோது பிடித்துக்கொள்ளச் சுவரைத் தேடிக் கையை நீட்டினாள். டைல்ஸில் விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. கிடைத்தது துஷாந்தினியின் கைதான்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. அந்தக் கை எனக்கு நாளைக்கும் வேணுங்க."

"ஒரு கம்பி இல்லையா இந்தச் செவுத்துல? பிடிச்சுக்க ஒண்டுமே இல்லையா? யாரு இந்த பிளான் கீறின?"

டொக்டர் வாகினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். துஷாந்தினி நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாதவள்.

"வாசல்ல கல்லுல பேரு போட்டிருக்காங்க அக்கா."

இதற்கிடையில் தாதி ஒருத்தி சுடுநீரோடு வந்தாள். கதவு அகலத் திறந்தது. கட்டிலில் கிடந்த றுஸ்னாவுக்கு முழு விறாந்தையும் தெரிந்தது: மேளகாரர்கள், குழு உறுப்பினர்கள், வெற்றிலை ஏந்திய பிள்ளைகள், கையில் பாற்சோற்றுத் தட்டுடன் ஜிப்ரி ஹாஜியார். அவர்களுக்கும் றுஸ்னா தெரிந்தாள். ஹாஜியார் சட்டென்று வானத்தைப் பார்த்தார். மேளகாரர்கள் மேளத்துக்குள் பார்த்தார்கள். கதவு மூடியது. இன்னொருத்தி துணியோடு வந்தாள். மறுபடியும் திறந்தது.

"மச்சான்!" என்று றுஸ்னா போட்ட சத்தம் முற்றத்துப் பலாமரம் வரைக்கும் போயிருக்கும். "இந்தக் கதவ மாத்தி மாட்டுங்க! மத்தப் பக்கம் தொறக்கணும்! இப்பவே!"

மனைவி சொன்னதை ஷிஹாம் வாழ்க்கையில் ஒருநாளும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவர் வெளியே வந்தது. அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, பிணைச்சல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "என்ன செய்யிறியள் நீங்கள்?" என்று டொக்டர் வாகினி அதட்டுவதற்குள் கதவு அவன் கையோடு வந்துவிட்டது. அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது: மற்றப் பக்கம் மாட்டுவதென்றால் நிலையை உளியால் செதுக்க வேண்டும். உளி கடையில்.

இப்போது வாசலும் இருந்தது, கதவும் இருந்தது, இரண்டுக்கும் தொடர்பில்லை.

ஷிஹாம் வேறு வழியில்லாமல் கதவை நிமிர்த்தி வாசலில் வைத்து, உள்பக்கமாக நின்று இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றான். தாதிமார் தட்டினால், "எந்தப் பக்கம்?" என்று கேட்டுக் கதவோடு தானும் ஒதுங்குவான். அவர்கள் போனதும் திரும்பி வந்து பொருந்திக்கொள்வான். அன்றைக்கு அந்த வாட்டின் பிணைச்சல் அவன்தான்.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, நல்ல தொண்டை. அவன் போட்ட முதல் அழுகையை டைல்ஸ் எடுத்துத் திருப்பி அனுப்பின. வெளியில் நின்றவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் போட்டி போட்டு அழுவது போலக் கேட்டது.

"ரெட்டைப் புள்ள! அல்ஹம்துலில்லாஹ், ரெட்டைப் புள்ள!" என்று ஹாஜியார் அறிவித்தார். மேளகாரர்கள் வேறு எதற்கும் காத்திருக்காமல் அடிக்கத் தொடங்கினார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பிரமுகரின் வாகனம் உள்ளே வந்தது. மேளம் தனக்கென்று எண்ணி அவர் கும்பிட்டுக்கொண்டே இறங்கினார். ரிப்பனை வெட்டினார். திறப்பு விழா அன்றே இரட்டைக் குழந்தைகள் பிறந்தது ஊருக்கே நல்ல சகுனம் என்று பேசினார். யாரும் அவரைத் திருத்தவில்லை. அந்தப் படம் இன்னமும் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்குகிறது: கையில் கத்தரிக்கோலோடு பிரமுகர், அவருக்குப் பின்னால் ஒரு கதவு, கதவின் இரண்டு ஓரங்களிலுமாகப் பத்து விரல்கள்.

பிள்ளைக்கு ஹுஸ்னி என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் டொக்டர் வாகினி பார்க்க வந்தபோது, ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடி, மறு கையால் றுஸ்னா விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன, நோகுதோ?"

"நோவு இல்ல டொக்டர். எனக்கு வாய் இருக்கு. நான் கத்தின உடனே என்ட மனுசன் கதவயே கழட்டினாரு. ஆனா நாளைக்கு வாற ஒருத்தி, வாய் பேசத் தெரியாத ஒருத்தி, அந்த வெளிச்சத்துல, அந்தக் கதவுக்கு நேர கிடந்தா? அவள் யார்ட்ட சொல்லுவா? இதுதான் முறையாக்கும் எண்டு கண்ண மூடிக்கிட்டுக் கிடந்திருப்பா. அப்படித்தான் நான் கீறி வெச்சிருக்கிறேன்."

டொக்டர் வாகினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. "நானுந்தான். வெளியிலை இருந்து உள்ளை பாக்கிறதைத்தான் யோசிச்சன். உள்ளை கிடக்கிற ஆள் வெளியிலை பாக்கும் எண்டு நினைக்கவே இல்லை."

"நான் மேல இருந்து பாத்தேன், ஆகாசத்துல பறக்கிற காக்கா மாதிரி. பிளான் அப்படித்தானே கீறுற."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிள்ளை விழித்துக்கொண்டது.

குழுவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. புத்தம் புதிய கட்டடம், பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை, அதை உடைப்பதா? நாற்பது நாள் கழித்துக் கூட்டத்துக்கு வந்த றுஸ்னா வாதாடவில்லை. மேல்மாடி கீழே வந்துவிடும் என்று பொய்யும் சொல்லவில்லை. எல்லோரையும் வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலைக் காட்டினாள்.

"ஹாஜியார், ஒருக்காப் படுத்துப் பாருங்க."

"நானா? அஸ்தஃபிருல்லாஹ்! ஆம்புள நான் இதுல எப்படி..."

"அப்ப உடைக்க வாணாம் எண்டு சொல்றதுக்கும் உங்களுக்கு ஏலாது."

மற்ற உறுப்பினர்கள் சுவாரசியமாக ஹாஜியாரைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. சாரனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறிப் படுத்தார். துஷாந்தினி விளக்கைப் போட்டாள்.

"யா அல்லாஹ்! இந்த வெளிச்சத்துல எந்தப் புள்ள வெளிய வரும்?"

டைல்ஸ் அவர் குரலை அவருக்கே திருப்பி உரத்துச் சொன்னது. திடுக்கிட்டார். எதிரே அவருடைய சொந்தக் கடிகாரம், நகராமல் முறைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து றுஸ்னா கதவைத் திறந்துவிட்டாள். விறாந்தையால் தேத்தண்ணித் தட்டோடு போன ஆஸ்பத்திரி வேலைக்காரப் பெண் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஹாஜியார், எத்தின மாசம்?"

வெட்கம் தாங்காமல் ஹாஜியார் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. கை இரண்டு பக்கமும் பிடி தேடி அலைந்து டைல்ஸில் வழுக்கியது. கடைசியில் குழு உறுப்பினர்கள் எல்லோருமாகச் சேர்ந்துதான் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். சாரனைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "உடைங்க."

உடைத்தார்கள். வாசலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, உள்ளே ஓர் ஆளுயரச் சுவரைத் திரையாக எழுப்பினார்கள். இப்போது கதவு எவ்வளவு அகலத் திறந்தாலும் கட்டில் வெளியே தெரியாது. டொக்டர் வாகினி ஒரு தடவை திரும்பித்தான் போக வேண்டும். அந்த ஒரு திருப்பத்தில் தனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது என்று அவரே பிறகு சொன்னார். டைல்ஸ் இடுப்பளவோடு நின்றது. கூரையில் சத்தத்தை விழுங்குகிற பலகை ஏறியது. நடு விளக்கு போய், சுவரோரம் மங்கலான விளக்குகள் வந்தன; அவற்றின் சுவிட்ச் படுத்திருக்கிறவளின் கைக்கெட்டும் தூரத்தில். சுவரைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போட்டார்கள். அதை மாட்டியது ஷிஹாம். தொங்கி, இழுத்து, உலுக்கிப் பார்த்துத்தான் விட்டான். கடிகாரத்தைத் தாதிமாரின் மேசைக்கு மேலே கொண்டுபோனார்கள். ஹாஜியாருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். கூட வருகிறவருக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டார்கள்.

யன்னலைக் கீழே இறக்குவதுதான் றுஸ்னாவுக்கு எல்லாவற்றிலும் முக்கியமாக இருந்தது. படுத்திருக்கிறவள் வெளியே ஏதாவது பார்க்க வேண்டும், மலையோ, மரமோ, போகிற பஸ்ஸோ. யன்னல் எவ்வளவு பதிவாகக் கீழே வர வேண்டும் என்று பார்ப்பதற்காக அவள் அந்தக் கட்டிலில் ஹுஸ்னியை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுவதும் படுத்திருந்தாள். வெளியாருக்குத் தெரியாதபடி கீழ்ப்பாதிக்கு உள்ளிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடி போட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டு பிளான் கேட்டு வருகிறவர்களுக்கும் சோதனை தொடங்கியது. காணிக்குப் போனதும் றுஸ்னா பாயை விரிப்பாள். "இதுதான் உங்கட படுக்க ரூம். படுங்க ரெண்டு பேரும். காலையில வெயில் எங்க விழுது பாருங்க." பக்கத்து வீட்டார் வேலியால் பார்ப்பார்கள். கலேவெலயிலிருந்து வந்த ஒரு கிராம விதானையார் வயலோரக் காணியில் படுத்துப் பார்த்தவர் அப்படியே உறங்கிப் போய்விட்டார். எழும்பியதும் அந்த இடத்திலேயே படுக்கையறை வேண்டும் என்று சொல்லிவிட்டார். புருசன் பெண்சாதி சண்டையும் பாதியாகக் குறைந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு சண்டை பிடிப்பது கஷ்டம்.

திருத்திய வாட்டில் சில மாதம் கழித்து தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்றாள். விஷயத்தைத் துஷாந்தினிதான் ஃபோனில் சொன்னாள், சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, ஒங்க யன்னலால ஒரு பிரச்சினைங்க. அந்தப் புள்ள காலையிலருந்து வலியில கெடக்குது, மெதுவாத்தான் போய்க்கிட்டிருந்திச்சு. திடீர்னு யன்னலால பாத்திருச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை இருக்குல்ல, அங்க அவ புருசன் ரொட்டியும் கட்ட சம்பலும் தின்னுக்கிட்டு, யார்கூடவோ கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. 'நான் இங்க சாகுறேன், நீ அங்க ரொட்டியா திங்கிற'ன்னு ஒரு கத்துக் கத்தி, அதே மூச்சில புள்ள வந்திருச்சுங்க."

றுஸ்னா அன்றே ஓட்டோ பிடித்துப் போனாள். முதலில் தேத்தண்ணிக் கடைக்குப் போய், அந்தப் புருசன் இருந்த அதே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, குனிந்தும் நிமிர்ந்தும் ஆஸ்பத்திரி யன்னலைப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் பலாமரம்தான் தெரிந்தது. திருப்தியோடு ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாட்டுக்குப் போனாள். புதுத் தாய் பிள்ளையை அணைத்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்து ஏதோ ஏசிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் அவள் புருசன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"யன்னல் கொஞ்சம் உசரமா இருந்தா நல்லமா?" என்று றுஸ்னா டொக்டர் வாகினியிடம் கேட்டாள். "கடைப்பக்கத்த மறைச்சு ஒரு செடி வைக்கவா?"

"ஒண்டும் செய்யாதேங்கோ" என்றார் டொக்டர் வாகினி, வழக்கமான வேகத்தில் நடந்துகொண்டே. "அந்தக் கடைக்காரரிட்டைச் சொல்லி, புருசன்மார் வந்தால் அந்த முன் வாங்கிலையே இருத்தச் சொல்லுங்கோ."